முக்கால் இஞ்ச்

அரங்கநாதனுக்கு நெடுங்கொல்லையில் ஒரு பட்டப்பெயர் உண்டு. புரோக்கர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற புரோக்கர் இல்லை. குழாய்க்குக் குழாய் பார்க்கிற புரோக்கர். ஒன்றரை இஞ்சோடு அரை இஞ்சைச் சேர்க்க வேண்டுமா, முப்பது வருஷத்து இரும்புக் குழாயில் நேற்று வாங்கிய பிளாஸ்டிக் குழாயைப் பூட்ட வேண்டுமா, அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய ரெக்சின் பையில் எந்நேரமும் முப்பது நாற்பது ரெடியூசர்கள் கிடக்கும். ஒரு வாய் பெரிது, மறு வாய் சிறிது, இரண்டு வாயிலும் மரை. பைக்குள் பார்க்கவே மாட்டார். கையை விட்டுத் துழாவி, மரையை விரலால் தடவி, வேண்டிய அளவை எடுத்து நீட்டுவார். "ஜாதகம் பொருந்தாததக்கூட சேத்து வச்சிடுவாருப்பா" என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அவருக்கும் அது பிடிக்கும்.

நெடுங்கொல்லை, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் நாற்கரச் சாலையை ஒட்டிய ஊர். ஊர் என்று ஒருமையில் சொல்வது பழக்கதோஷம். உண்மையில் இருப்பது இரண்டு. மேட்டில் ஊர்த்தெரு, ஏரிப் பக்கம் பள்ளத்தில் காலனி. இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து டேங்க் நிற்கிறது. அரங்கநாதன் ஊர்த்தெருக்காரர். அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுவார். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் ஒரு பைப் கடையில் எட்டு வருஷம் நின்று தொழில் படித்தவர். பிறகு பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு வால்வைத் திறக்க வேண்டும், எட்டு மணிக்கு மூட வேண்டும், மீதி நேரம் பிளம்பிங். வயது ஐம்பத்தொன்று. யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். நல்ல மனுஷன் என்று பெயர். அந்தப் பெயர் இருக்கிறதே, அதைப்போல ஆபத்தானது வேறில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள மனுஷன் எதற்கும் தலையாட்டுவான்.

அவர் போகிற வேலைக்கெல்லாம் குழி வெட்டுகிறவர் தமிழ்மணி. காலனிக்காரர். இருபது வருஷமாக இருவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். தமிழ்மணி அரங்கநாதனைவிட மூன்று வயதுதான் இளையவர். ஆனாலும் இவர் அவரை "தமிழு, நீ" என்பார், அவர் இவரை "மேஸ்திரி, நீங்க" என்பார். டீக்கடையில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பார், மற்றவர் நின்றுகொண்டு குடிப்பார். நிற்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை, உட்காரச் சொல்லியும் யாரும் சொன்னதில்லை. மத்தியானம் ஒரே வேப்பமரத்தடியில் ஐந்தடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறப்பார்கள். நட்பு என்றால் நட்புதான். அது எவ்வளவு தூரம் என்று இருவருக்கும் அளவு தெரியும்.

வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. டேங்கின் காலடியில் குழாய் இரண்டாகப் பிரிகிறது. மூன்று இஞ்ச் குழாய் மேட்டுக்குப் போகிறது, இரண்டு இஞ்ச் காலனிக்குப் போகிறது. தண்ணீருக்குத் தெருப் பேதம் தெரியாது. மேடு பள்ளம் தெரியும். வால்வைத் திறந்தால் முதலில் பள்ளத்துக்குத்தான் ஓடும். காலனியில் நாற்பது வீடும் பிடித்து முடிக்கிற வரைக்கும் ஊர்த்தெருவின் கடைசி வீடுகளில் குழாய் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருக்கும். போன மாசியில் போர்வெல்லில் தண்ணீர் இறங்கியதும் ஊர்த்தெருவில் முணுமுணுப்பு சத்தமாகிவிட்டது. "அவங்க துணி தொவைக்கிறாங்க, நமக்குக் குடிக்கவே இல்ல" என்றார்கள்.

ஒரு நாள் காலை வெங்கடாசலம் மோட்டார் ரூமுக்கே வந்துவிட்டார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். அரங்கநாதனுக்குப் பங்காளி முறை, அண்ணன். ஊர்த்தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"இன்னாப்பா அரங்கா, டேங்கு நமக்கா, அவனுங்களுக்கா?"

"ரெண்டு லைனுக்கும் தனித்தனியா வால்வு வச்சிடலாம்ணே" என்றார் அரங்கநாதன். "மொதல்ல ஒரு மணி நேரம் அவங்களுக்கு, அப்பறம் ஒரு மணி நேரம் நமக்கு. மொற வச்சி வுட்டா எல்லாருக்கும் வரும்."

"வால்வு வச்சா கண்ணுக்குத் தெரியும். அவன் வந்து ஒரு திருகு திருகுவான், நம்ம ஆளு போயி ஒரு திருகு திருகுவான். அப்பறம் போலீசு, பேப்பரு, ஒரே பேஜாரு. மண்ணுக்குள்ளயே எதுனா பண்ணு. நீதான் பெரிய புரோக்கராச்சே."

சரியான வழி எது என்று அரங்கநாதனுக்குத் தெரியும். அவர் வாயாலேயே சொன்னார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு ஒரு நாளும் அவரால் சொல்லிக்கொள்ள முடியாமல் போனது அதனால்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "பாக்குறேண்ணே" என்றார். நம் பக்கத்தில் 'பாக்குறேன்' என்றால் பாதி சம்மதம். அடுத்த நாளே அது முழுச் சம்மதம் ஆனது.

டேங்க் அடியில் கசிகிறது என்று சொல்லி, தமிழ்மணியைக் குழி வெட்டச் சொன்னார். காலனிக்குப் போகிற இரண்டு இஞ்ச் குழாய் தெரிகிற வரைக்கும் இரண்டடி ஆழம். தமிழ்மணி வெட்டி முடித்து வியர்வையைத் துடைத்தபோது, "சொலூஷன் தீந்துபோச்சி தமிழு. திண்டிவனம் போயி ஒரு டப்பா வாங்கிக்கினு வந்துடேன், ஜல்தியா" என்றார். குழாய் ஒட்டுகிற அந்தச் சொலூஷன் தீரவில்லை. முத்திரை பிரிக்காத டப்பா பையின் அடியில் கிடந்தது. தமிழ்மணி சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

போய்வர எப்படியும் ஒன்றரை மணி நேரமாகும். அதற்குள் அரங்கநாதன் இரண்டு இஞ்ச் குழாயில் ஒன்றரை அடியை அறுத்து எடுத்தார். இரண்டு முனையிலும் மரை உள்ள கப்ளரை ஒட்டினார். ஒரு பக்கம் இரண்டிலிருந்து முக்காலுக்கு இறங்கும் ரெடியூசர், மறுபக்கம் முக்காலிலிருந்து இரண்டுக்கு ஏறும் ரெடியூசர், நடுவில் முக்கால் இஞ்சில் நிப்பிள் என்கிற குட்டைக் குழாய் ஒன்று. எப்போதும் செய்வதுபோல மரைக்கு டேப் சுற்றி, டேப்புக்கு மேலே நூல் சுற்றி இறுக்கினார். கழற்றுவதற்கு வசதியாக ஓரத்தில் ஒரு யூனியனும் வைத்தார்.

மொத்தத்தையும் ஒட்டிவிட்டிருந்தால் பாதி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒட்டினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரை என்றால் யூனியனைத் தளர்த்தித் திருகினால் வந்துவிடும். ஆடியில் நாலு மழை விழுந்து போர் ஊறியதும் கழற்றிவிடலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டுத்தான் அவர் மரைக்குப் போனார். தப்புக்குள் நுழைகிறவன் திரும்பி வர ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டால், நுழைவது அவனுக்குச் சுலபமாகிவிடுகிறது. அந்த வாசல் இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவர் பயந்திருப்பார்.

தமிழ்மணி திரும்பி வந்தபோது குழி முக்கால்வாசி மூடியிருந்தது.

"மண்ண நீங்களே தள்ளிட்டீங்களா மேஸ்திரி?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். இருபது வருஷத்தில் அரங்கநாதன் ஒரு கூடை மண்ணைக்கூடத் தள்ளியதில்லை.

"வெயிலு ஏறுதேன்னு தள்ளிட்டேன். பழைய டப்பாவுல கொஞ்சம் இருந்துச்சி, அத வச்சி ஒட்டிட்டேன்."

தமிழ்மணி மிச்ச மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துக் கெட்டித்தார்.

இரண்டு இஞ்ச் வாயில் வருகிற தண்ணீரை முக்கால் இஞ்சில் நுழைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலனியில் முதல் ஏழெட்டு வீட்டுக் குழாய்களில் நூல் மாதிரி ஒழுகியது. அதற்கு அப்பால் சொட்டுத்தான். கடைசி வரிசையில் தமிழ்மணி வீட்டில் அதுவும் இல்லை.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கொல்லையில் மோட்டார் இருந்தது. காலையில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வருகிற இரண்டு மணி நேரம் கொல்லைக்காரர் போய்ப் பிடித்துக்கொள்ள விட்டார். காலனிப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நாற்கரச் சாலையைத் தாண்ட ஆரம்பித்தார்கள். நடுவில் இருக்கிற தடுப்பில் ஒரு இடத்தில் இரண்டு கல்லைப் பெயர்த்து வழி செய்துகொண்டார்கள். அந்தத் தடுப்பு நெடுக அரளிச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. செடிக்கு அந்தப்பக்கம் வருகிற வண்டி இந்தப்பக்கம் நிற்கிறவர்களுக்குத் தெரியாது.

பங்குனி முழுக்கத் தமிழ்மணி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கியோ அடைச்சிக்கினு இருக்குது மேஸ்திரி. ஒரு தபா பாத்துடலாமா?"

எத்தனை நாள் தட்டிக்கழிக்க முடியும்? ஆபரேட்டர் அவர்தான், பிளம்பரும் அவர்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு காலனிக்குள் போனார். அங்கே அவர் செய்ததுதான் இந்தக் கதையிலேயே சொல்லக் கூசுகிற சமாசாரம். இல்லாத அடைப்பைத் தேடினார். "இங்க வெட்டு" என்று ஒரு இடத்தைக் காட்டினார், தமிழ்மணி வெட்டினார். குழாயை அறுத்துப் பார்த்து, "இங்க இல்ல" என்று மறுபடி சேர்த்தார். பிள்ளையார் கோயில் முனையில் ஒன்று, பால்வாடி எதிரில் ஒன்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு, ஆக நாலு இடம். சித்திரை வெயிலில் தமிழ்மணி நாலு இடத்தையும் வெட்டினார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். "எங்க தெருவுக்குத்தானே" என்றார்.

நாலாவது குழி தமிழ்மணி வீட்டு எதிரிலேயே அமைந்தது. அரங்கநாதன் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. தமிழ்மணியின் மனைவி வேணி பார்த்துக்கொண்டே இருந்தாள். நூறு நாள் வேலையில் மேற்பார்வைக்கு வருகிறவரையே கேள்வி கேட்கிற பெண். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

"குடிங்க மேஸ்திரி. காலையிலதான் ரோட்ட தாண்டிப் போயி எடுத்துக்கினு வந்தேன். சுத்தமான தண்ணிதான்."

அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் கை நீளவில்லை. "வேணாம்மா" என்றார்.

வேணி சொம்பை ஒரு நிமிஷம் நீட்டியபடியே வைத்திருந்தாள். பிறகு, "எங்க வூட்டு நிலம் வழியா போற கொழாயத் தொடலாம், எங்க சொம்பத் தொடக்கூடாது. சர்த்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழிக்குள் இருந்த தமிழ்மணி காதில் விழாததுபோல மண்ணை வாரினார்.

அவள் அதைச் சாதி என்று எடுத்துக்கொண்டாள். அதில் ஒன்றும் தப்பில்லை, அதுவும்தான் இருந்தது. அது மட்டுமே இருந்திருந்தால் அரங்கநாதனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு, "காத்து அடைச்சிக்கினு இருக்குது, தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தார்.

வைகாசி மூன்றாம் நாள், கத்திரி வெயில் இன்னும் விடவில்லை. காலை ஆறே முக்காலுக்கு அரங்கநாதன் டேங்க் அடியில் நின்றிருந்தார். வால்வைத் திறந்து முக்கால் மணி ஆகியிருந்தது. சாலைப் பக்கத்திலிருந்து டயர் தேய்கிற சத்தம் நீளமாகக் கேட்டது. அதற்குப் பிறகு பெண்களின் கூச்சல்.

அவர் ஓடிப் போனபோது லாரி ஐம்பதடி தள்ளி நின்றிருந்தது. அரளிச் செடி ஓரத்தில் பிளாஸ்டிக் குடங்கள் நசுங்கிக் கிடந்தன. சாலை நனைந்திருந்தது. யாரோ ஒரு புடவையை விரித்து மூடிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு வெளியே தெரிந்த காலில் இருந்த மெட்டியைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். வேணி வழியிலேயே இறந்துவிட்டாள்.

உடலைக் கொண்டுவர அடுத்த நாள் மத்தியானம் ஆனது. ஊர்த்தெருவிலிருந்து காலனிச் சாவுக்கு யாரும் போகிற வழக்கம் இல்லை. அரங்கநாதன் போனார். பந்தலுக்குள் போகத் துணிச்சல் இல்லாமல் தெருமுனை கரண்டுக் கம்பத்தடியில் நின்றார். தமிழ்மணி அவரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கண் வற்றிப்போயிருந்தது.

"மேஸ்திரி, அவளுக்குத் தண்ணி ஊத்தணும். கொஞ்சம் வால்வ தொறந்து வுடுங்க. இந்த நேரத்துல ஊர்த்தெருவுல யாரும் புடிக்க மாட்டாங்க, அழுத்தம் இருக்கும். நாலு கொடம் வந்தாப் போதும்."

அரங்கநாதன் ஓடினார். வால்வை முழுக்கத் திறந்தார். டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் பூட்டியிருந்த ரெடியூசர் அவர் பூட்டியது. பந்தலில் பிணம் கிடக்கிறது என்று அது வாயைப் பெரிதாக்கிக்கொள்ளுமா? திரும்பி வந்து பார்த்தபோது முதல் வீட்டுக் குழாயில் ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் பிடித்தது. தமிழ்மணி வீட்டுக் குழாயடியில் வைத்த தவலை காய்ந்தே இருந்தது. பெரியவர்கள் நேரமாகிறது என்று சொன்னார்கள். கடைசியில் நாலு பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். வேணியைக் குளிப்பாட்டவும் அதே சாலையைத் தாண்டித்தான் தண்ணீர் எடுத்து வந்தார்கள்.

அன்று சாயங்காலமே அரங்கநாதன் வெங்கடாசலத்தின் வீட்டுக்குப் போனார்.

"அத எடுத்துடறேண்ணே" என்றார்.

வெங்கடாசலம் கெட்டவர் மாதிரி ஒன்றும் கத்தவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "எனக்கு மட்டும் வயிறு எரியலன்னு நெனைக்கிறியா? ஆனா யோசிச்சிப் பாரு. நாளைக்கி எடுத்தா நாளைக்கே தண்ணி பீச்சிக்கினு வரும். ஏன் வந்துச்சின்னு கேப்பானா மாட்டானா? எங்க வெட்டுனன்னு கேப்பான். டேங்க் அடியில தொட்டன்னு தெரிஞ்சா முடிஞ்சிது. கைய வச்சது நீ, நான் இல்ல. கொஞ்ச நாளு ஆறட்டும். ஆடியில எடுத்துக்கலாம், மழ வந்துச்சி, தண்ணி வந்துச்சின்னு போயிடும்."

கழற்றுவதற்கு வசதியாக யூனியன் வைத்தவரால் இப்போது கழற்ற முடியவில்லை. பயம்தான். போலீஸ் பயம், காலனிக்காரர்கள் பயம், அதற்கெல்லாம் மேலே தமிழ்மணி முகத்தைப் பார்க்கிற பயம். வீட்டில் அரங்கநாதனின் மனைவி புனிதா, "ஏன் சோறு எறங்கல?" என்று கேட்டாள். "வெயிலு" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஊர்த்தெருவில் வேணியின் சாவைப் பற்றி நல்லவிதமாகத்தான் பேசினார்கள். பாவம் என்றார்கள். லாரிக்காரர்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள் என்றார்கள். செடியை வெட்டாத சாலைக்காரர்களைத் திட்டினார்கள். தடுப்பை உடைத்து வழி செய்தது தப்பில்லையா என்றும் ஒருவர் கேட்டார். எல்லோரும் சொன்னதில் ஒவ்வொரு துளி நியாயம் இருந்தது. அரங்கநாதன் ஒவ்வொரு துளியையும் எடுத்துத் தன் நெஞ்சில் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை அவர் வழக்கம்போல வால்வைத் திறந்துவிட்டுச் சாலைப் பக்கம் பார்த்தார். தடுப்பில் கல் பெயர்த்த இடத்தில் ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தமிழ்மணியின் மகள் பானுப்ரியா. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, நர்சிங்குக்கு மனு போட்டிருக்கிற பிள்ளை. ஒரு வண்டி போனது, ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு வண்டி வந்தது, பின்வாங்கினாள். அரளிச் செடியை விலக்கி எட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு எட்டு வைத்தாள். அவள் தாண்டி முடிக்கிற வரைக்கும் அரங்கநாதன் மூச்சு விடவில்லை. அவள் நிறைகுடத்தோடு திரும்பி வந்தாக வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தார். பிறகு அவளுக்குப் பின்னாலேயே நடந்து காலனிக்குப் போனார். தமிழ்மணி மொட்டை அடித்த தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"தமிழு, கடப்பாறையும் மம்மட்டியும் எடுத்துக்கினு வா."

"இன்னிக்கி வேலைக்கி வரல மேஸ்திரி."

"வேலைக்கி இல்ல. அடைப்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சிபோச்சி. வா."

தமிழ்மணி எழுந்து வந்தார். டேங்க் அடியில் அரங்கநாதன் வால்வை மூடிவிட்டு, காலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தமிழ்மணி அந்த இடத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வெட்ட ஆரம்பித்தார். ஒரு தடவை வெட்டி மூடிய மண் என்பதால் லேசாக வந்தது. இரண்டடி இறங்கியதும் கடப்பாறையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை விலக்கினார்.

குழாய் தெரிந்தது. இரண்டு பக்கமும் தடித்து, நடுவில் குறுகி, விரல் நீளத்துக்கு ஒரு சின்ன நிப்பிள்.

இருபது வருஷம் குழி வெட்டியவருக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்மணி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் அவருடைய மொட்டைத் தலையில் அடித்தது. பிறகு நிப்பிளின் மரை முடிகிற இடத்தை நகத்தால் சுரண்டினார். நூல் பிரிந்து வந்தது.

"டேப்புக்கு மேல நூலு" என்றார். "இந்த ஜில்லாவுல நீங்க ஒருத்தருதான் இப்பிடி சுத்துவீங்க."

"நான்தான் போட்டேன் தமிழு." அரங்கநாதன் குழியோரத்துக்கு வந்து நின்றார். மறுபடி சொன்னார். "நான்தான். மாசியில, ஒன்ன திண்டிவனம் அனுப்பிட்டு."

"யாரு போடச் சொன்னது?"

"வெங்கடாசலம் அண்ணன் சொன்னாரு. ஆனா போட்டது நான்."

"நாலு எடத்துல வெட்டுனமே."

"ஆமா."

"அங்க இல்லன்னு தெரிஞ்சிதான வெட்டச் சொன்னீங்க."

"ஆமா."

தமிழ்மணி யூனியனைப் பிடித்துத் திருகினார். இரண்டு சுற்றில் தளர்ந்தது. மரை ஒழுங்காக வெட்டிய நல்ல சாமான். ஒரு முரண்டும் பண்ணாமல் கழன்று வந்தது. அதைக் கையில் எடுத்து, மண்ணை ஊதி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பார்த்தார். கட்டைவிரலை உள்ளே விட்டார். முதல் கணுவோடு நின்றுவிட்டது.

அரங்கநாதன் குழிக்குள் இறங்கி, கொண்டுவந்திருந்த இரண்டு இஞ்ச் துண்டை அந்த இடத்தில் பூட்டினார். மரை இரண்டு முறை தப்பிப் பிடித்தது. இந்தத் தொழிலில் அவருக்கு அது நடந்ததே இல்லை. மூன்றாவது முறை சரியாக உட்கார்ந்தது. மேலே வந்து வால்வைத் திறந்தார். குழாய் ஒரு குலுங்கு குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் காலனிப் பக்கம் ஒரு பெண் சத்தம் போட்டாள். பிறகு இன்னொருத்தி. தண்ணீர் வந்துவிட்டது என்று ஒவ்வொரு வீடாகச் சத்தம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசி வரிசையில் நின்றது.

அந்தச் சத்தம் அடங்கியதும் தமிழ்மணி எழுந்து அவர் அருகில் வந்தார். அடிப்பார் என்று அரங்கநாதன் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார், அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் தமிழ்மணி. "இத போட்டதுல உங்க தெருவுல வூட்டுக்கு எத்தினி கொடம் கூட வந்துச்சி?"

கூட வரவே இல்லை என்று சொல்லலாம். பத்துக் குடம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னால் அவருக்கு வலிக்காது என்று அரங்கநாதன் யோசித்தார். அப்படி ஒரு பதில் இல்லை.

"ரெண்டு" என்றார்.

தமிழ்மணி அதை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"அவ அன்னிக்கி எடுத்துக்கினு வந்ததும் ரெண்டுதான்" என்றார்.

கடப்பாறையையும் மண்வெட்டியையும் தோளில் போட்டுக்கொண்டார். கழற்றிய சாமானை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டு காலனியைப் பார்த்து நடந்தார். அரங்கநாதன் போய்க் குழியோரத்தில் மண்டியிட்டு, வெட்டிப் போட்ட மண்ணைக் கையாலேயே உள்ளே தள்ள ஆரம்பித்தார்.